500 டாலருக்குப் போன விளையாட்டு

ரெயில் முதலாளிகளை எதிர்த்துக் கட்டம் போட்ட லிசி மேகி அம்மையாரின் கதை

நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு சதுர அட்டை. அட்டையின் நாலு ஓரத்திலும் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஊர் அல்லது ஒரு தெரு. பகடையை உருட்டுவார்கள். காயை நகர்த்துவார்கள். காகித நோட்டைக் கொடுத்து இடம் வாங்குவார்கள். அடுத்த ஆள் அந்த இடத்தில் வந்து நின்றால் வாடகை கேட்பார்கள்.

நம் நாட்டுப் பிள்ளைகள் இதை டிரேட் என்றும், பிசினஸ் என்றும் சொல்லி ஆடுகிறார்கள். அமெரிக்காவில் இதன் பெயர் மொனாப்பலி. ஏகபோகம் என்று அர்த்தம். எல்லாவற்றையும் ஒரே ஆள் வளைத்துப் போட்டுக்கொள்வதுதான் ஏகபோகம். மற்றவர்கள் அத்தனை பேரும் ஓட்டாண்டி ஆகவேண்டும். அப்போதுதான் ஆட்டம் முடியும்.

இந்த ஆட்டத்தின் விதையைப் போட்டவர் ஒரு பெண். ஏகபோகம் நல்லது என்று சொல்ல அவர் இதைச் செய்யவில்லை. ஏகபோகம் கெட்டது என்று ஊருக்குக் காட்டவே செய்தார். அவருடைய விளையாட்டு உலகம் முழுவதும் பரவியது. அவர் சொல்ல வந்த பாடம் மட்டும் நடு வழியில் தொலைந்துபோனது. அவருடைய பெயரும் தொலைந்தது.

அவர் பெயர் எலிசபெத் மேகி. எல்லோரும் லிசி என்று கூப்பிட்டார்கள்.

லிங்கனோடு போன தந்தை

லிசி 1866-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி பிறந்தார். ஊர், அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் உள்ள மகோம்.

தந்தை ஜேம்ஸ் மேகி பத்திரிகைக்காரர். கறுப்பர்களை அடிமைகளாக வைத்திருப்பது ஒழியவேண்டும் என்று எழுதியவர். ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி ஆவதற்கு முன்பு, 1858-ம் ஆண்டில், டக்ளஸ் என்பவரோடு ஊர் ஊராக மேடை ஏறி வாதம் செய்தார். அப்போது லிங்கனோடு கூடப் போன பத்திரிகைக்காரர்களில் ஜேம்ஸ் மேகியும் ஒருவர்.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் லிசி. அநியாயத்தைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க அவருக்குத் தெரியாது.

தந்தை அவருக்கு ஒரு புத்தகத்தை அறிமுகம் செய்தார். 1879-ம் ஆண்டில் வந்த புத்தகம் அது. முன்னேற்றமும் வறுமையும் என்பது அதன் பெயர். எழுதியவர் ஹென்றி ஜார்ஜ். லிசியின் வாழ்க்கையையே மாற்றியது அந்தப் புத்தகம்.

ரெயில் வந்தது, பணம் யாருக்கு?

ஹென்றி ஜார்ஜ் முதலில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். பிறகு சான் பிரான்சிஸ்கோ நகரில் பத்திரிகைக்காரர் ஆனார்.

அப்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் சேர்த்து ரெயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1869-ம் ஆண்டு மே 10-ந் தேதி அந்த வேலை முடிந்தது. நாடே கொண்டாடியது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே ஹென்றி ஜார்ஜ் ஒரு கட்டுரை எழுதிவிட்டார். ரெயில் வந்தால் செல்வம் பெருகும், ஆனால் அது நிலமும் தொழிலும் வைத்திருக்கும் சிலருக்கே போய்ச் சேரும், கூலிக்காரனுக்குக் கஷ்டம் கூடும் என்று எச்சரித்தார்.

அவர் சொன்ன கருத்து இதுதான்.

ஒரு பொட்டல் காடு. அதன் பக்கத்தில் ரெயில் நிலையம் வருகிறது. உடனே அந்தக் காட்டின் விலை பத்து மடங்கு ஏறுகிறது. நிலத்தின் சொந்தக்காரன் என்ன செய்தான்? ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. ஊர் வளர்ந்ததால் விலை ஏறியது. அப்படியானால் அந்த லாபம் ஊருக்குத்தானே சேரவேண்டும்? ஆகவே நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி போடவேண்டும். உழைப்புக்கும் வியாபாரத்துக்கும் வரியே வேண்டாம். இதற்கு ஒற்றை வரிக் கொள்கை என்று பெயர்.

அந்தக் காலத்து ரெயில் கம்பெனிகளின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதை போடுவதற்காகச் சர்க்கார் அவைகளுக்கு ஏராளமான நிலத்தை இனாமாகக் கொடுத்தது. இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே இரண்டு மூன்று கம்பெனிகள் ரெயில் விட்டால், போட்டி வரும். கட்டணம் குறையும். ஆனால் ஒரே ஒரு கம்பெனி மட்டும் ரெயில் விட்ட ஊர்களில் என்ன நடந்தது? கம்பெனி கேட்டதுதான் கட்டணம். விவசாயி தன் தானியத்தைப் பக்கத்து ஊருக்கு அனுப்புவதற்கு, தூரத்து நகரத்துக்கு அனுப்புவதைவிட அதிகம் கொடுக்கவேண்டி வந்தது உண்டு. பெரிய முதலாளிகளுக்கு மட்டும் கம்பெனிகள் ரகசியமாகத் தள்ளுபடி கொடுத்தன. போட்டி போடவேண்டிய கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு கட்டணத்தை உயர்த்தியதும் உண்டு.

ஜனங்கள் கொதித்தார்கள். 1887-ம் ஆண்டில் ரெயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. 1890-ல் ஏகபோகத்தைத் தடுக்க இன்னொரு சட்டம் வந்தது. அப்படியும் முதலாளிகள் அடங்கவில்லை. 1901-ல் வடமேற்குப் பகுதியின் பெரிய ரெயில் கம்பெனிகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். ஜே. பி. மார்கன் என்ற பெரும் பணக்காரர் அதில் முக்கியமானவர். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் சர்க்கார் வழக்குப் போட்டது. 1904-ம் ஆண்டு மார்ச் மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அந்தக் கூட்டைக் கலைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டது.

அதே 1904-ம் ஆண்டில்தான் லிசியின் விளையாட்டுக்குச் சர்க்கார் உரிமை கிடைத்தது.

பகலில் உத்தியோகம், இரவில் யோசனை

லிசி சுருக்கெழுத்தும் டைப்பும் கற்றவர். வாஷிங்டன் நகரில் தபால் இலாகாவில் வேலை பார்த்தார். விலாசம் சரியாக இல்லாத தபால்கள் வந்து சேரும் பகுதி அது. மாலை நேரங்களில் கவிதையும் கதையும் எழுதினார். மேடை ஏறி நகைச்சுவை வேடங்களில் நடித்தார். ஒற்றை வரிக் கொள்கையைப் பற்றி வகுப்பும் நடத்தினார்.

அவருக்கு எந்திர வேலையிலும் மூளை ஓடியது. டைப் எந்திரத்தில் காகிதம் எளிதாக உள்ளே போவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்கு 1893-ல் சர்க்கார் உரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 26.

கல்யாணம் செய்துகொள்ளாமல், சொந்தச் சம்பாத்தியத்தில், சொந்த வீட்டில் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் இது பெரிய காரியம்.

வகுப்பில் பேசினால் பத்துப் பேர் கேட்பார்கள். பாதிப்பேர் தூங்குவார்கள். விளையாட்டாகக் கொடுத்தால்? குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். லிசி கோடு போட உட்கார்ந்தார்.

சுற்றிச் சுற்றி வரும் பாதை

நம்முடைய பரமபதத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு. அந்தக் காலத்து மேல்நாட்டு ஆட்டங்களில் பலவும் அப்படித்தான். லிசி வேறு மாதிரி செய்தார். சதுரத்தின் நாலு ஓரமும் பாதை. காய் சுற்றிச் சுற்றி வரும். மனிதன் உழைத்து, சம்பளம் வாங்கி, செலவழித்து, மறுபடி உழைப்பது போல.

ஒரு மூலையில் பூமித்தாய். அதைத் தாண்டும்போதெல்லாம் 100 டாலர் கூலி. பூமியில் உழைத்தால்தான் கூலி என்பது கருத்து. இன்னொரு மூலையில் பொதுப் பூங்கா. அங்கே காசு இல்லாமல் இளைப்பாறலாம். கடனைக் கட்ட முடியாதவனுக்கு ஏழைகள் விடுதி. பிரபு ஒருவரின் நிலத்தில் தெரியாமல் கால் வைத்தால் ஜெயில். அந்தப் பிரபு இருப்பதோ லண்டனில்! நிலம் சும்மா கிடந்தாலும் ஏழை அதை மிதிக்கக்கூடாது என்ற அநியாயத்தை ஒரே கட்டத்தில் காட்டிவிட்டார்.

ஓரத்துக்கு ஒன்றாக நாலு ரெயில்கள். எந்தப் பக்கம் போனாலும் ரெயிலைக் கடக்காமல் போக முடியாது. அதில் வந்து நின்றவன் கட்டணம் கொடுக்கவேண்டும். விளக்கு, தண்ணீர் ஆகியவற்றுக்கும் தனிக் கட்டங்கள் உண்டு.

1903-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி லிசி மனுப் போட்டார். 1904-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி உரிமை கிடைத்தது. உரிமை எண் 7,48,626. விளையாட்டின் பெயர், நிலச் சொந்தக்காரர் ஆட்டம். 1906-ல் நண்பர்கள் கம்பெனி தொடங்கி அதை வெளியிட்டார்கள்.

ஒரே அட்டை, இரண்டு சட்டம்

லிசியின் திறமை எங்கே இருக்கிறது தெரியுமா? ஒரே அட்டையை இரண்டு விதமாக ஆடும்படி செய்தார்.

முதல் விதத்தில் வாடகை சொந்தக்காரனுக்கு. நிலத்தையும் ரெயிலையும் பிடித்தவன் கொழிப்பான். மற்றவன் எவ்வளவு சுற்றி உழைத்தாலும் கடைசியில் கை காலியாகும்.

இரண்டாவது விதத்தில் நில வாடகை பொதுக் கஜானாவுக்குப் போகும். கஜானாவில் பணம் சேரச் சேர, ஊருக்கு நன்மை வரும். முதலில் விளக்குக் கம்பெனி பொதுச்சொத்து ஆகும். பிறகு ரெயில் பொதுச்சொத்து ஆகும். அதன் பின் ரெயிலில் யாரும் கட்டணம் கொடுக்கவேண்டாம். ஜெயிலுக்குப் போ என்ற கட்டம் இலவசக் கல்லூரியாக மாறும். கூலியும் ஏறும். ஆடுகிறவர்களில் மிகவும் ஏழையாக இருப்பவனின் பணம் இரண்டு மடங்கானால், எல்லோரும் ஜெயித்ததாகக் கணக்கு!

ஒரே பகடை. ஒரே பாதை. ஆடுகிறவர்களும் அதே ஆட்கள். சட்டத்தை மாற்றியதும் முடிவு மாறுகிறது. வறுமைக்குக் காரணம் தலையெழுத்து அல்ல, சட்டம்தான் என்பதை இதைவிடச் சுலபமாகச் சொல்ல முடியுமா?

ஏலம் போட்ட பெண்

சிகாகோவில் லிசிக்கு வாரம் 10 டாலர்தான் சம்பளம். தனியாக வாழும் பெண்ணுக்கு அது போதவில்லை. லிசி ஒரு வேலை செய்தார். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். இளம் அமெரிக்க அடிமைப் பெண் விற்பனைக்கு இருக்கிறாள் என்று தன்னையே ஏலம் போட்டுக்கொண்டார்!

நாடு முழுவதும் பரபரப்பு. ஆனால் அவர் உண்மையிலேயே தன்னை விற்க வரவில்லை. பெண்கள் எந்திரம் அல்ல, அவர்களுக்கும் மனமும் ஆசையும் உண்டு என்று உணர்த்தவே அப்படிச் செய்தார். அதைத் தொடர்ந்து பத்திரிகை நிருபர் வேலையும் கிடைத்தது.

1910-ம் ஆண்டில், 44-வது வயதில், ஆல்பர்ட் பிலிப்ஸ் என்பவரை மணந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதே ஆண்டில் பார்க்கர் பிரதர்ஸ் என்ற பெரிய விளையாட்டுக் கம்பெனி, லிசியின் சீட்டு விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. நிலச் சொந்தக்காரர் ஆட்டத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளவில்லை.

கைக்குக் கை மாறியது

கடையில் அதிகம் விற்காவிட்டாலும் ஆட்டம் பரவியது. எப்படி? பார்த்தவர்கள் வீட்டில் துணியிலும் அட்டையிலும் கட்டம் போட்டுக்கொண்டார்கள். நாம் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் தாயக்கட்டம் போடுவதில்லையா? அது போலத்தான்.

டெலவேர் மாநிலத்தில் ஆர்டன் என்ற கிராமம் இருக்கிறது. ஒற்றை வரிக் கொள்கைக்காரர்கள் 1900-ல் அமைத்த கிராமம். அங்கே ஆடினார்கள். ஸ்காட் நியரிங் என்ற பொருளாதார ஆசிரியர் பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். மாணவர்கள் ஊருக்கு ஊர் கொண்டுபோனார்கள். கடற்கரை நகரமான அட்லாண்டிக் சிட்டியில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஆடினார்கள். அவர்கள் தங்கள் ஊர்த் தெருக்களின் பெயரைக் கட்டங்களில் எழுதினார்கள். அந்தப் பக்கத்து ரெயில் கம்பெனிகளின் பெயரையும் எழுதினார்கள்.

கை மாற மாற ஒன்று நடந்தது. ஜனங்களுக்கு முதல் சட்டமே பிடித்தது. அடுத்தவனை ஓட்டாண்டி ஆக்குவதில் அப்படி ஒரு ருசி! இரண்டாவது சட்டத்தை மறந்தே போனார்கள். ஆட்டத்துக்கு மொனாப்பலி என்ற பெயரும் வந்தது.

1924-ல் லிசி தம் ஆட்டத்தைத் திருத்தி, புதிதாக ஒரு உரிமை பெற்றார்.

ஒரு எழுத்துப் பிழை

1930-ம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் பெரும் பஞ்சம். வேலை இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பிலடெல்பியாவில் சார்லஸ் டாரோ என்பவரும் வேலை இல்லாமல் இருந்தார். ஒரு நண்பர் வீட்டில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். விதிகளையும் எழுதி வாங்கிக்கொண்டார். அழகான படங்களோடு அட்டை செய்து, தம்முடைய கண்டுபிடிப்பு என்று விற்றார். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் அதை வாங்கியது.

அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் மார்வென் கார்டன்ஸ் என்ற இடம் உண்டு. டாரோவுக்குக் கிடைத்த நகலில் அது மார்வின் கார்டன்ஸ் என்று பிழையாக இருந்தது. அந்தப் பிழையும் அப்படியே அச்சாகிவிட்டது! பார்த்து எழுதியவன் பிழையையும் சேர்த்து எழுதிவிடுவான் அல்லவா?

ஆட்டம் சக்கைப்போடு போட்டது. டாரோ கோடீஸ்வரர் ஆனார். வேலை இழந்த ஏழை, அடுப்படி மேஜையில் கண்டுபிடித்த ஆட்டம் என்று கதை பரவியது.

கம்பெனிக்கு ஒரு பயம். பழைய உரிமை லிசியிடம் இருக்கிறதே! 1935-ம் ஆண்டு நவம்பரில் லிசியின் 1924-ம் ஆண்டு உரிமையை அது விலைக்கு வாங்கியது. கொடுத்த தொகை 500 டாலர். விற்பனையில் பங்கு கிடையாது. லிசிக்கு அப்போது வயது 69. தம் பாடம் நாடு முழுவதும் பரவும் என்று நம்பி அவர் சம்மதித்தார்.

உண்மை தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. 1936-ம் ஆண்டு ஜனவரியில் வாஷிங்டன் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். தம் பழைய அட்டையைக் கையில் பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டார். செய்தி வந்தது. மறுநாள் ஜனங்கள் மறந்தார்கள்.

1939-ல் கம்பெனி லிசியின் சொந்த ஆட்டத்தையும் வெளியிட்டது. அது விலைபோகவில்லை. 1940-ம் ஆண்டு ஜனக்கணக்கு எடுத்தார்கள். தொழில் என்ன என்ற இடத்தில், விளையாட்டு செய்பவர் என்று பதிவானது. வருமானம் என்ற இடத்தில் பூஜ்யம்.

1948-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி லிசி மேகி காலமானார். வயது 81. மரணச் செய்தியில் அவருடைய விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

கோர்ட்டில் வெளியான உண்மை

25 ஆண்டுகள் கழிந்தன. சான் பிரான்சிஸ்கோவில் ரால்ப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இருந்தார். 1973-ல் ஏகபோக எதிர்ப்பு ஆட்டம் ஒன்றை வெளியிட்டார். மொனாப்பலி என்ற பெயர் எங்களுக்கே சொந்தம் என்று கம்பெனி தடுத்தது. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது.

வழக்குக்காகப் பேராசிரியர் பழைய கதையைத் துருவினார். லிசியின் உரிமைப் பத்திரங்கள் கிடைத்தன. டாரோவுக்கு முன்பே ஆடிய முதியவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அவர்கள் வைத்திருந்த கைவேலை அட்டைகளும் வெளியே வந்தன.

முதலில் பேராசிரியருக்குத் தோல்வி. 1977-ல் அவருடைய விளையாட்டுப் பெட்டிகள் சுமார் 40 ஆயிரத்தை மண்ணில் புதைத்தார்கள். அவர் விடவில்லை. மேல் கோர்ட்டில் ஜெயித்தார். 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்தது. கடைசியில் இரு தரப்பும் சமரசம் ஆனார்கள்.

இப்படித்தான் லிசி மேகியின் பெயர், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு உலகத்துக்குத் தெரிந்தது.

நாலு ரெயிலின் கணக்கு

இன்றும் மொனாப்பலி அட்டையில் நாலு ரெயில்கள் இருக்கின்றன. பென்சில்வேனியா, ரெடிங், பால்டிமோர்-ஒகாயோ ஆகியவை உண்மையில் ஓடிய ரெயில் கம்பெனிகள். அவை இன்று இல்லை. பென்சில்வேனியா ரெயில் கம்பெனி 1968-ல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தது. அப்படிச் சேர்ந்து உண்டான பெரிய கம்பெனி 1970-ல் திவாலானது. 1980-ல் அமெரிக்கச் சர்க்கார் ரெயில் கட்டணக் கட்டுப்பாட்டில் பெரும் பகுதியைத் தளர்த்தியது. போட்டி இருந்தால் போதுமா, சர்க்காரின் கண்காணிப்பும் வேண்டுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

அந்த வாதம் புரியவேண்டுமானால் ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள். ஒருவரிடம் ஒரு ரெயில் இருந்தால், வந்து நிற்பவர் கொடுக்கவேண்டியது 25 டாலர். இரண்டு ரெயில் இருந்தால் 50. மூன்று இருந்தால் 100. நாலும் ஒருவரிடமே இருந்தால் 200 டாலர். ரெயில் அதே ரெயில்தான். பாதையும் அதே பாதைதான். போட்டி ஒழிந்தது, கட்டணம் 8 மடங்கு ஆனது!

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த ஆட்டத்தை ஆடும்போது ஒரு காரியம் செய்யுங்கள். முதலில் வழக்கம்போல ஆடட்டும். பிறகு வாடகையை எல்லாம் நடுவில் ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். கிண்ணம் நிறைந்ததும் ரெயிலை எல்லோருக்கும் பொதுவாக்குங்கள். இரண்டு ஆட்டத்திலும் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

லிசி மேகி அம்மையார் கேட்டதும் அவ்வளவுதான்.